மோட்டார் சாவியும் எட்டு வீடுகளும்

தம்பிக்கு,

நீ கூரியரில் அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் வீடு தெரியாமல் ஆற்றங்கரையில் சுற்றிச் சுற்றி அலைந்திருக்கிறார். கடைசியில் யாரோ, "தானா லைட் எரியுமே, அந்த வீடுதான? அங்கன தென்னைக்குப் பின்னாடி போங்க" என்று வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் இப்போது அதுதான் நம் விலாசம். கட்டைப் பிரித்தேன். வழுவழுப்பான தாளில் படங்கள், மனைகளின் வரைபடம், அதற்குக் கீழே பத்திரக் காகிதங்கள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறாய். அம்மா தேடிச் சிரமப்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாய். ஆனால் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் பூராவும் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள், சொந்த மகனுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. போனில் நீ என்னை முடிக்க விடமாட்டாய். "சரிம்மா, புரியுதும்மா, நான் பாத்துக்கிறேம்மா" என்று மூடிவிடுவாய். அடுத்த நிமிஷம் வேறு யாரோ லைனில் காத்திருப்பார்கள். கடிதம் என்றால் நான் சொல்லி முடித்த பிறகுதான் நீ பேச முடியும். அதனால் வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பொறுமையாகப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மா பழைய காலத்து ஆள், அவளுக்கு எதுவும் பிடிக்காது என்று நீயே முடிவுகட்டிவிடுவாய். இந்த வீடு எனக்குப் பிடித்திருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கம்பம் ஊரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, எங்கள் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த இந்தத் தோட்டத்தில், முல்லைப் பெரியாற்றுக் கரையில் நீ கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. தோட்டத்து மண்ணோடு கொஞ்சம் சிமெண்டைக் கலந்து, கல்லாக அழுத்திச் சுவர் எழுப்பியபோது, "எஞ்சினியர் மகன் அம்மாவுக்கு மண்ணு வீடா கட்டுறாரு?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இந்தச் சித்திரை வெயிலில் பகல் நேரத்தில் உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்த பிறகு யாரும் அப்படிக் கேட்பதில்லை. வந்தவர்கள் எழுந்து போகாமல் இருப்பதுதான் இப்போது என் கஷ்டம்.

குளிக்கிற தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போய்ச் சுத்தமாகித் தென்னைக்குப் போகிறது. நாற்றமில்லை, கொசு இல்லை. மாட்டுச் சாணத்தில் அடுப்பு எரிகிறது. கரண்டு போனால் மாடியில் வைத்த சோலார் தகட்டில் ஃபேன் சுற்றுகிறது. நீ தரையை அவ்வளவு உயர்த்தியபோது, "ஏணி வச்சுத்தான் வீட்டுக்குள்ள போகணும் போல" என்று உன் அப்பா முணுமுணுத்தார். ஐப்பசியில் ஆறு கரை மீறி வந்து படிக்கட்டில் பாதி வரைக்கும் ஏறி நின்றுவிட்டு இறங்கிப் போனது. அன்றைக்கு அவர் கடைசிப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "பய கணக்காத்தான் கட்டியிருக்கான்" என்றார். உன்னிடம் இதை அவர் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

தானாக நடக்கிற சமாச்சாரங்களோடுதான் பழகக் கொஞ்சம் நாளானது. டேங்க் நிறைந்தால் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உன் அப்பா முதலில் அவளுக்குப் பதில் சொல்லிப் பார்த்தார், பிறகு திட்டிப் பார்த்தார், அவள் எதற்கும் அசையவில்லை. ஆடி மாசத்துக் காற்று தெரியுமே உனக்கு, கணவாயிலிருந்து இறங்கி ஆளையே தள்ளுகிற காற்று. வாழை இலை ஒன்று ஆடினால் போதும், ஆற்றுப் பக்கம் விளக்கு எரியும். ஒவ்வொரு தடவை எரியும்போதும் பெங்களூரில் உன் போனுக்கு, வீட்டுப் பக்கம் ஆள் நடமாட்டம் என்று செய்தி வரும். நீ பதறிப்போய் எனக்குப் போன் செய்வாய். "யாரும்மா அங்கன?" "வாழை இலைடா." இதையே அந்த ஆடி பூராவும் பேசினோம். கடைசியில் நீ ஏதோ திருகி, இலையைக் கண்டால் எரியக் கூடாது, ஆளைக் கண்டால்தான் எரிய வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாய். அதிலிருந்து நம் மாட்டையும் அது ஆளாகத்தான் எடுத்துக்கொள்கிறது. போகட்டும், இதெல்லாம் ஒரு குறையா?

கூடத்தில் வைத்த கேமராவின் மேல் நான் துண்டைப் போட்டு மூடியதற்கு நீ கோபித்துக்கொண்டாய். "உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாய். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் அந்தத் துண்டை நான் எடுக்கவில்லை. ஆற்றுப் பக்கம் இருக்கிற கேமராவை மட்டும் விட்டு வைத்தேன். என் வேலையில் ஒரு முறை உண்டு. இந்தப் பக்கத்து ஆளையும் அந்தப் பக்கத்து ஆளையும் லைனில் சேர்த்துவிட்டால், "பேசுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காதிலிருந்து எடுத்துவிட வேண்டும். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கக் கூடாது. கேட்டால் ஊரில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரிகிறது என்று ஒரு நினைப்பு வரும், ஆனால் பாதிதான் தெரியும், அந்தப் பாதியை வைத்துக்கொண்டு தப்பாக எதையாவது செய்யத் தோன்றும்.

தொண்ணூற்றாறில் நீ பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்த கோடை ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்தில் இருந்த அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப் போக எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நிற்பாய். ஊருக்குள் எல்லாம் நேராக டயல் செய்யத் தொடங்கிவிட்டார்கள், மலை எஸ்டேட்டுகளுக்கு மட்டும் இன்னும் புக் செய்துவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். ஒரு ஏலக்காய் வியாபாரி, போடியில் ஏலம் தொடங்கப்போகிறது, உடனே லைன் வேண்டும் என்று குதித்தார். அவருக்கு முன்னால் ஒரு பெண், மலையில் வேலை பார்க்கிற புருஷனிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வதற்காகக் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நீ என்னிடம், "அவரு பெரிய ஆளும்மா, அவருக்கு முதல்ல போட்டுக் குடுத்தா என்ன?" என்று கேட்டாய். அந்த அம்மா முறை என்றேன். நீ அதோடு விட்டுவிட்டாய். அந்த வியாபாரி மேலதிகாரியிடம் புகார் சொல்லி, என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அதுவும் நடந்தது, அந்தப் பெண் பேசிவிட்டும் போனாள்.

முறை என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டேன், இனி கிணற்றுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒரு தடவை என் வாயால் கேள். நம் தோட்டத்துக் கிணறு நமக்கும் பக்கத்துத் தோட்டத்து வீரணன் சித்தப்பாவுக்கும் பொது. மோட்டாரும் பொது. ஒரு நாள் நமக்கு, மறுநாள் அவருக்கு. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாசங்களில் கிணறு கேட்டதைக் கொடுக்கும். மாசியிலிருந்து ஆறு மணலாகிவிட்டால் ஊற்று மெதுவாகத்தான் ஊறும். அப்போது முறைதான் எல்லாம். மோட்டார் அறைக்கு ஒரே ஒரு சாவி. பொழுது சாயும்போது அந்தச் சாவி இந்தத் தோட்டத்திலிருந்து அந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும். சாவியைக் கொடுக்கும்போது கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்றும் சொல்லிவிட்டு வர வேண்டும். "முழங்காலுக்குக் கிடக்கு", "படி தெரியுது" என்று ஏதாவது. அது சொல்லாமல் சாவி மட்டும் கொடுத்தால் மரியாதை இல்லை. நீ லீவுக்குத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் சாவி கொண்டுபோகிற வேலை உன்னுடையதுதான். போனவன் சீக்கிரம் திரும்ப மாட்டாய். செல்லத்தாயி சித்தி கடலை வறுத்துக் கொடுப்பாள், அங்கேயே சாப்பிட்டுத் தூங்கியும் போயிருக்கிறாய்.

இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. வரப்பில் நின்ற ஒரு வேப்பமரத்தை வெட்டியதற்கு உன் அப்பாவும் அவரும் ஒரு கோடை பூராவும் முகம் பார்க்கவில்லை. அப்போதும் சாவி போய்வந்துகொண்டுதான் இருந்தது. உன் அப்பா வாசலில் நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "படி தெரியுது" என்று சொல்லிவிட்டு வருவார். சொல்ல வேண்டியது அவ்வளவுதானே. அப்படியே ஒரு நாள் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்தார். சண்டை எப்போது முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

விடிவதற்கு முன்னால் மோட்டாருக்கான த்ரீ ஃபேஸ் கரண்டு விடுகிறார்கள் என்று எழுந்து போய், வரப்பில் வழுக்கி உன் அப்பா கையை முறித்துக்கொண்டார் இல்லையா, அதற்குப் பிறகுதான் நீ அந்த போன் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து மாட்டினாய். அதற்குள்ளே ஒரு சிம் இருக்கிறது, அதன் நம்பருக்கு போன் செய்து ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். வீரணன் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் மாட்டினாய். அவரும், "அண்ணனுக்கு நல்லதுன்னா எனக்கென்ன தம்பி, உங்க நாள்ல ஓட்டிக்கங்க" என்றார். உன் அப்பா கட்டிலில் படுத்தபடியே என் போனில் மோட்டாரைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே உனக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் நன்றி சொல்லலாம்.

இந்தச் சித்திரையில் நடந்ததை உன்னிடம் போனில் பாதிதான் சொன்னேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு நானும் செல்லத்தாயியும் வீரணனும் ஒரே வேனில் போனோம். அன்றைக்கு அவர்கள் முறை. காலையில் மோட்டாரைப் போடாமல், கிணறு பகல் பூராவும் ஊறட்டும், வந்து சாயங்காலம் வாழைக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ச்சிவிடலாம் என்று வைத்திருந்தார். தார் தள்ளி நிற்கிற வாழை, அந்த வெயிலில் தண்ணீரைத் தள்ளிப் போட முடியாது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. நீ பெங்களூரில் ஆற்றுப் பக்கத்துக் கேமராவைப் பார்த்திருக்கிறாய். அந்தப் பக்க வாசலில் நீ போட்ட புல்தரை வாடிக் கிடந்தது. இதே மாதிரி வீடு வாங்க நினைக்கிறவர்கள் மறுநாள் பார்க்க வருகிறார்கள். முந்தின நாள் நம் முறை என்பதால் குழாயும் நம் பக்கமே திறந்திருந்தது. நீ போனை எடுத்து ஒன்றை அழுத்திவிட்டாய்.

வீட்டில் உன் அப்பா மட்டும்தான் இருந்தார். மோட்டார் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. எழுந்துகூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? வீரணன் நாளில் மோட்டார் ஓடினால் வீரணன் ஓட்டுகிறார் என்றுதான் அர்த்தம். இத்தனை வருஷத்தில் அதற்கு வேறு அர்த்தமே இருந்ததில்லை. திருவிழாவிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

நாங்கள் வந்து இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. வீரணன் நேராக மோட்டார் அறைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், சூடு இன்னும் ஆறவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார். அடிப்பாறை தெரிந்தது. உன் அப்பா வந்து, "என்னடா, மத்தியானமே பாய்ச்சிட்டியே, இப்ப எதுக்கு வந்து நிக்கிற?" என்றார். "நான் எங்கண்ணே பாய்ச்சுனேன்? இப்பத்தான வேன விட்டு இறங்குறேன். சாவி எங்கிட்டயில்ல இருக்கு." செல்லத்தாயி, "பூட்டுன ரூமுக்குள்ள யாருக்கா போயிருப்பாக?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் பயம் தெரிந்தது. கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று என் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். உள்ளே வந்து அதை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லாததால் மோட்டார் நின்றுவிட்டது என்று அந்த ஸ்டார்ட்டரிலிருந்து இங்கிலீஷில் ஒரு செய்தி வந்திருந்தது. லைன் சமாச்சாரம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் பேசியது என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

உனக்கு போன் செய்தேன். "ஐயோ, அவுக நாளாம்மா? கேமராவுல புல்லு வாடிக் கெடந்துச்சு. கொஞ்ச நேரந்தான ஓடவிட்டேன். அவருக்கு எதுவும் நஷ்டம்னா குடுத்துருவோம்மா" என்றாய். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும். ஆனால் உன் கேமராவுக்குப் புல் தெரிந்தது, அது யாருடைய நாள் என்று தெரியவில்லை. தெரியாததை நீ யாரிடமும் கேட்கவும் இல்லை. ஒரு போன் போட்டு, "அப்பா, இன்னைக்கு யாரு முறை?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மோட்டாருக்கு போன் செய்தவன் அப்பாவுக்குச் செய்யவில்லை.

அப்போதே வீரணன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு நம் முறைத் தண்ணீரை அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மதினி. ஆனா இத இனி நான் வச்சு என்ன செய்ய? சாவி என் இடுப்புல இருக்கு, தண்ணி உங்க புல்லுல இருக்கு. நீங்களே வச்சுக்கங்க" என்றார். செல்லத்தாயி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. நான் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாகத் திரும்பி வந்தேன். உன் அப்பா என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் உன் ஆட்கள் இரண்டு காரில் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பச்சைப் புல்லில் நின்று போட்டோ எடுத்தார்கள். விளக்கு தானாக எரிவதைப் பார்த்துக் குழந்தைகள் குதித்தன. அதே இடத்தில் நின்று திரும்பினால் வீரணனின் வாழை இலை மடங்கித் தொங்குவது தெரியும், யாரும் திரும்பவில்லை. ஒரு அம்மா மணலைப் பார்த்துவிட்டு, "ஆத்துல தண்ணி எப்பங்க வரும்?" என்று கேட்டார். "அணையில தொறந்துவிட்டா வரும்" என்று உன் அப்பா பதில் சொன்னார். அன்றைக்குப் பார்த்துக் கரண்டுக்கும் கேடு வந்து, நம் முறைத் தண்ணீரையும் வீரணனால் எடுக்க முடியவில்லை. அன்று ராத்திரியே ஒரு கோடைக் காற்று அடித்தது. தண்ணீர் குடித்திருந்தால் தாங்கியிருக்கும் மரங்கள் தாரோடு ஒடிந்து சாய்ந்தன. அவரும் செல்லத்தாயியும் அதை வெட்டி ஒதுக்குவதை நான் இந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று நீ எனக்காக அவ்வளவு பெரிதாக வைத்த ஜன்னல்தான் அது.

இப்போது உன் வழுவழுப்புத் தாளுக்கு வருகிறேன். ஆற்றங்கரையில் எட்டு வீடு. சூரிய வெளிச்சத்தில் விளக்கு, மழைநீர்ச் சேமிப்பு, கழிவுநீர் வீணாகாது, எங்கிருந்தும் போனில் இயக்கலாம். எல்லாம் சரி, எல்லாம் நீ செய்து காட்டியவை. முதல் பக்கத்துப் படத்தில் ஆறு கரை நிறைய ஓடுகிறது, அது ஐப்பசியில் எடுத்த படம், நான்தான் உனக்கு எடுத்து அனுப்பினேன். அதற்குக் கீழே, இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் என்று போட்டிருக்கிறாய். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எந்தத் தண்ணீரைச் சொல்கிறாய்? இந்தக் கிணற்றில் யாருக்கு, எந்தக் கோடையில், இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் இருந்தது? வரைபடத்தில் எட்டு வீட்டிலிருந்தும் நீலக் கோடுகள் நம் கிணற்றுக்குத்தான் வருகின்றன. ஒரு வீட்டின் புல்லுக்கே அடிப்பாறை தெரிந்த கிணறு அது. எட்டு வீட்டு டேங்கும் தானாகத் தண்ணீர் கேட்டால், எட்டுப் பேரும் எட்டு ஊரிலிருந்து ஒன்றை அழுத்தினால், வீரணனின் நாள் என்று ஒன்று எங்கே இருக்கும்? அவர்களுக்கு வீரணன் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. உனக்குத் தெரியும். நீ அந்த வீட்டுக் கடலையைத் தின்று வளர்ந்தவன்.

நீ சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பில்லை. கம்பெனி வேலையை விடப்போகிறேன் என்றாய், உன் அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, நான் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். உனக்கு இந்த வேலை நன்றாக வருகிறது. இந்த வீட்டில் ஒரு வருஷம் இருந்தவள் என்ற முறையில், உன் அம்மா என்பதற்காக இல்லாமல், இதைச் சொல்கிறேன். ஆனால் நீ இதே மாதிரி வீட்டை எட்டுப் பேருக்கு விற்கப் போகிறாய், நீயோ இதில் சேர்ந்தாற்போல ஒரு வாரம் தங்கியதில்லை. வருவாய், ஒயரைப் பார்ப்பாய், திருகுவாய், சாப்பிட்டும் சாப்பிடாமலும் ராத்திரி பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடுவாய். நீ கட்டிய வீட்டில் உன்னைவிடப் பால்காரர் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே எட்டு வீட்டுப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதில் கெஞ்சலும் வேண்டாம், கோபமும் வேண்டாம். இந்தக் கிணறு தாங்குகிற அளவுக்கு எத்தனை வீடு என்று நீ பார்த்துச் சொல், வீரணன் நாளைத் தொடாமல், புல்லுக்கு ஒரு சொட்டும் போகாமல். அது இரண்டாக இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அதைப் பெங்களூரில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. இங்கே வந்து இரு. வைகாசி முடிவதற்குள் வா. தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு நிறைந்துவிடும், அப்புறம் வந்து பார்க்கிற எல்லாருக்கும் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மணல் தெரிகிறபோது வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரில் குளித்து, துவைத்து, சமைத்துப் பார். அப்படி இருந்து பார்த்துவிட்டு நீ ஒரு வரைபடம் போட்டால், பென்சில் குறி இல்லாமலேயே இடம் தேடிக் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொரு விஷயம். நீ திடுக்கிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். இனிமேல் நீ மோட்டாருக்கு போன் செய்தால் அது எடுக்காது. ரிப்பேர் இல்லை. உன் நம்பரை அதிலிருந்து எடுத்தது நான்தான். நீ விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டிப் படித்துச் செய்தேன், ஒரு பகல் ஆனது. இப்போது அது இரண்டு பேர் சொன்னால்தான் கேட்கும், ஒன்று நான், இன்னொன்று வீரணன். அவர் நம்பரைக் கேட்டபோது, "எனக்கெதுக்கு மதினி இந்த வம்பு" என்று மூன்று நாள் இழுத்தடித்தார். செல்லத்தாயிதான், "அக்கா இத்தன தடவ நடந்து வாராக, குடுங்களேன்" என்று அதட்டி வாங்கிக் கொடுத்தாள். அவரையே அழுத்தச் சொன்னேன். அங்கே மோட்டார் ஓடிய சத்தம் கேட்டதும் அவர் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன், உன் அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்த அதே சிரிப்புதான்.

அந்த நல்ல நேரத்தைப் பார்த்துச் சாவியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கோவமில்ல மதினி. நீங்க கொண்டுவந்து குடுக்க வேணாம். சின்னப் பிள்ளையில எப்பவும் தம்பிதான கொண்டாரும். தம்பி வந்து குடுக்கட்டும், வாங்கிக்கிறேன்" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது உன் அப்பா வாசலுக்கு வந்து நின்று, போவதற்கு இடமில்லாமல் திரும்பிப் போகிறார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, தம்பி.

உன் பத்திரக் கட்டு கூடத்து மேசைமேல் இருக்கிறது. காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் அந்தச் சாவியை வைத்திருக்கிறேன். வந்ததும் காகிதத்தைத் தேடாதே. முதலில் சாவியை எடு. கிணற்றை எட்டிப் பார்த்துக்கொள், எவ்வளவு கிடக்கிறது என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீ சொல்ல வேண்டும். பிறகு வரப்பு வழியாக நடந்து போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வா. கடலை கொடுத்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே வா, நாங்கள் காத்திருப்போம்.

என்றைக்குப் பஸ் ஏறுகிறாய் என்று சொல்ல மட்டும் எனக்கு போன் செய். நான் எடுப்பேன்.

அம்மா